ஓர் அன்டனா, மூன்று டீவி: மலைவீட்டுக்கு எந்த வழி ஒத்துவரும்?

அம்மா போன வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கான் (வடிகால்) ஓரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பின்னறைக் கட்டிலை விட்டு அதிகம் நகர முடிவதில்லை. முன் ஹாலில் ஓடும் டீவியின் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும், படம் தெரியாது. செய்தி வாசிப்பது யார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். ஒருநாள் ராத்திரி, "மழை எங்கெங்க பெய்யுதுன்னு படத்துல காட்டுறாங்களா, நம்ம பக்கம் எப்படி இருக்கு?" என்று உள்ளிருந்து கேட்டார். அன்றைக்கே அம்மாவின் அறைக்கும் ஒரு டீவி வைப்பதென்று முடிவு செய்தோம். மேலே கட்டியிருக்கும் தன் அறைக்கும் ஒன்று வேண்டும் என்று தம்பியும் சேர்ந்துகொண்டான். ஆக ஒரு அன்டனா, ஒரு டிஷ், மூன்று டீவி.

டீவி வாங்குவது ஒரு நாள் வேலை. சிக்னலை மூன்று அறைக்கும் ஒழுங்காகக் கொண்டுபோவதற்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது, அதில் பாதி நாள் தவறான சாமானை வாங்கியதில் போனது. தோட்டத்துப் பக்கம் இப்போது புது வீடு கட்டிப் போகிறவர்கள் நிறையப் பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் எங்களுக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, எது யாருக்கு ஒத்துவரும், எதை ஏன் விட்டோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் மலையில் வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் பாதிக் கதை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருக்கிறோம். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு, இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்தது, அதன் பின்னால் மண்ணை வெட்டி மேல்தட்டில் தம்பி ஓர் அறை கட்டியிருக்கிறான். மூன்று பக்கமும் தேயிலை மலை. வீட்டுக் கூரையில் அன்டனாவை நட்டால் படத்தில் பாதி புள்ளி, மீதி நிழல். அதனால் அப்பா காலத்திலேயே மேலே முகட்டில் ஒரு ஜிஐ பைப்பை நட்டு, அங்கிருந்து சுமார் 60 மீட்டர் கேபிளைக் கீழே இழுத்து வந்திருந்தோம்.

சரி, எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்று அறையிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு சேனல் பார்க்கவேண்டுமா, அல்லது ஹாலில் ஓடுவதே மற்ற அறைகளிலும் தெரிந்தால் போதுமா? அன்டனா என்றால் இந்தக் கேள்வியே இல்லை, கேபிளைப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு டீவியும் தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும். டிஷ் என்றால் செலவு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அன்டனாவிலிருந்து தொடங்குகிறேன்.

அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல உச்சியில் நிற்கிறது, நாட்டிலேயே அதற்கு மேல் உயரமான இடம் கிடையாது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்திலிருந்தே நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மலையிலிருந்துதான் படம் போகிறது. அப்படியிருக்க அந்த மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கே ஏன் படம் வருவதில்லை என்று ஊரில் பலபேர் கேட்பார்கள். டீவி அலை நேராகப் போகும், மலையைச் சுற்றி வளைந்து வராது. நடுவில் ஒரு முகடு குறுக்கிட்டால் அதன் நிழலில் இருப்பவருக்குக் கோபுரம் பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் ஒன்றுதான், ஐம்பதில் இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நேராக வரும் அலையோடு எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து வரும், கொஞ்சம் பிந்தி வரும். அதுதான் படத்தில் ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பதுபோல் தெரியும் நிழல். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: புள்ளி விழுவது சிக்னல் போதாத குறை, நிழல் விழுவது சிக்னல் இரண்டு வழியில் வரும் குறை. சிக்னலைப் பெருக்கும் பெட்டியான பூஸ்டர் முதலாவதற்கு உதவலாம், இரண்டாவதற்கு உதவவே உதவாது. நல்ல அலையையும் திரும்பிவந்த அலையையும் அது சேர்த்தே பெருக்கும், நிழல் இன்னும் தெளிவாகத் தெரியும்! நிழலுக்கு மருந்து அன்டனாவை நகர்த்துவதும் திருப்புவதும்தான். முன்பக்கம் மட்டும் கூர்மையாகப் பிடிக்கும் நீளமான அன்டனாவாக இருந்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டிலிருந்து வருவதை அது அதிகம் எடுக்காது.

நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை 12 வோல்டில் ஓடும் சின்ன டீவி ஒன்றையும் மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு முகட்டுக்கே போனோம். இரண்டு மீட்டர் கேபிளில் அன்டனாவை நேராக டீவியில் மாட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் உண்மையாக என்ன வருகிறது என்று தெரிந்துவிடும். பழைய பைப் இருந்த இடத்தை விட ஏழெட்டு அடி தள்ளி வைத்தபோது நிழல் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. காலில் அட்டை ஏறியதுதான் மிச்சச் செலவு. கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். மேலே நல்ல படம் வந்து வீட்டில் வராவிட்டால் குறை கேபிளில். மேலேயே வராவிட்டால் வீட்டுக்குள் எவ்வளவு விலையான பூஸ்டர் வைத்தாலும் வராது.

இப்போது கேபிள் கணக்கு. சிக்னல் குறைவதை டெசிபெல்லில் சொல்லுவார்கள். 3 டெசிபெல் குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. ஆர்ஜி-6 என்ற கொஞ்சம் தடித்த கேபிளில் யூஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைச் சேனல்களுக்கு 60 மீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல் போய்விடும். பழைய மெல்லிய ஆர்ஜி-59 என்றால் அதைவிடக் கூடுதலாகவே போகும். அப்புறம் ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். இரண்டாகப் பிரிப்பதில் ஒவ்வொரு வாசலுக்கும் ஏறக்குறைய 3.5 முதல் 4 டெசிபெல் குறையும், நான்காகப் பிரிப்பதில் 7 முதல் 8, எட்டாகப் பிரிப்பதில் 11, 12 வரை. எங்கள் வீட்டில் மேலிருந்து வரும் கேபிள், நான்கு வாசல் ஸ்ப்ளிட்டர், அங்கிருந்து அறைகளுக்குப் போகும் கேபிள் எல்லாம் சேர்த்தால் 20 டெசிபெல் போகிறது. முகட்டில் கிடைத்ததில் நூறில் ஒரு பங்குதான் அம்மாவின் டீவிக்குப் போய்ச் சேரும்.

இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர். அதை எங்கே வைப்பது என்பதில் மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல.

முதல் வழி, டீவிக்குப் பின்னால் வைக்கும் சின்னப் பெட்டி. விலை குறைவு, மாட்டுவது சுலபம், கடையில் முதலில் நீட்டுவதும் அதைத்தான். டவுனில் ஒரு கடையில் "இத மாட்டுங்கண்ணே, மூணு டீவிக்கும் கண்ணாடி மாதிரி வரும்" என்று சொல்லித்தான் எங்களுக்கும் ஒன்றைத் தந்தார்கள். மாட்டினோம். புள்ளி பெரிதானதே தவிர படம் தெளியவில்லை. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. 60 மீட்டர் கேபிளில் சிக்னல் பத்தில் ஒன்றாகத் தேய்ந்து, இரைச்சலுக்கு, அதாவது கேபிளிலும் பெட்டியிலும் தானாக எழும் வீண் சிக்னலுக்கு, பக்கத்தில் வந்து நின்ற பிறகு அதைப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். இரைச்சலுக்குள் மூழ்கிய சிக்னலை எந்தப் பெட்டியாலும் பிரித்தெடுக்க முடியாது. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள், பெட்டி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

இரண்டாவது வழி, அன்டனாவின் கீழேயே, பைப்பில் கட்டிவைக்கும் பூஸ்டர். சிக்னல் தேய்வதற்கு முன்பே பெருக்கிவிடுகிறது, அதன் பிறகு கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் போவது போனாலும் மிச்சம் இரைச்சலுக்கு மேலேயே நிற்கும். முகட்டுக்குத் தனியாகக் கரண்ட் இழுக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் ஒரு சின்ன அடாப்டர் பெட்டி இருக்கும், அது அதே கேபிளிலேயே 12 வோல்ட்டை மேலே அனுப்பும், சிக்னல் கீழே வரும். எங்களைப்போல் பள்ளத்தில் இருந்து மேலே அன்டனா வைத்திருப்பவர்களுக்கு என் மனதில் இதற்கு மாற்றே இல்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த அடாப்டர் பெட்டியை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், அதாவது மேலிருந்து கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் பல ஸ்ப்ளிட்டர்கள் வோல்ட்டை மேலே போகவிடாது. அடுத்தது, யாராவது ஹாலில் அந்த அடாப்டரின் சுவிட்சை நிறுத்தினால் வீடு முழுவதும் படம் போய்விடும். எங்கள் வீட்டில் முதல் வாரம் மூன்று தடவை அப்படி நடந்து, மூன்று தடவையும் தம்பி முகட்டுக்கு ஏறிவிட்டு வந்தான். பிறகு அம்மாவைத் தவிர யாருடைய கையும் படாத ஒரு பிளக்கில் மாட்டினோம்.

மூன்றாவது வழி, வீட்டுக்குள் ஓரிடத்தில் வைக்கும் பல வாசல் கொண்ட பெரிய பூஸ்டர். கேபிள் வீட்டுக்கு வரும்போதே சிக்னல் நன்றாக இருந்து, பிரிப்பதால் மட்டும் குறைகிறது என்றால் இதுதான் பொருத்தம். நுவரெலியா டவுன் போல் கோபுரத்தை நேராகப் பார்க்கும் இடங்களில் பெரிய வீடு, விடுதி, நாலைந்து அறை என்று இருப்பவர்கள் இதை எடுக்கலாம். ஆனால் அங்கேயும் முதலில் வெறும் ஸ்ப்ளிட்டரை மாட்டிப் பாருங்கள். கோபுரத்துக்கு எதிரிலேயே இருக்கிறவருக்குப் பூஸ்டர் கெடுதல் செய்யும். சிக்னல் அளவுக்கு மீறினால் பூஸ்டர் திணறி, ஒரு சேனலின் கோடுகளை இன்னொரு சேனலில் இழுத்துவிடும். அங்கே சிக்னலைக் குறைக்கத்தான் பெட்டி தேவைப்படும்.

பூஸ்டர் பெட்டியில் "40 டெசிபெல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் இழப்பு 20 என்றால் 20, 25 போதும். அதே பெட்டியில் இரைச்சல் அளவு என்று ஓர் எண் சின்னதாக இருக்கும், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நான் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கேபிளைப் பிரிப்பதிலும் இரண்டு விதம். ஒரே இடத்தில் ஸ்ப்ளிட்டரை வைத்து ஒவ்வொரு அறைக்கும் தனிக் கேபிள் விடுவது ஒன்று, ஒரு டீவியிலிருந்து அடுத்த டீவிக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோவது இன்னொன்று. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் ஒரே அன்டனாவைச் சங்கிலியாகத்தான் பகிர்ந்தோம். கேபிளைச் சீவி, கம்பியை முறுக்கி, மேலே டேப் சுற்றுவோம். முதல் வீட்டில் படம் பளிச்சென்று இருக்கும், ஆறாவது வீட்டில் யார் பேசுகிறார் என்று ஊகிக்கவேண்டும், நடுவில் ஒருவர் டீவியை மாற்றினால் கடைசி வீட்டில் படம் போய்விடும், அதற்காகச் சண்டையும் வந்திருக்கிறது. குறை மனிதரிடம் இல்லை, முறுக்கிய இடத்தில்தான். அந்தக் கேபிள் 75 ஓம் என்ற ஒரே அளவில் போகவேண்டியது. முறுக்கிய இடத்தில் அந்த அளவு குலைந்து சிக்னலில் ஒரு பங்கு திரும்பிப் போகும், வீட்டுக்குள்ளேயே நிழல் உண்டாகும். இன்றைக்கும் லயத்தில் ஒரே அன்டனாவைப் பகிர்கிறவர்கள் இருந்தால், வரிசையின் நடுவில் ஒரு எட்டு வாசல் ஸ்ப்ளிட்டரை மழை படாமல் வைத்து, வீட்டுக்கொரு கேபிள் விடுங்கள். கேபிள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் ஒருவர் வீட்டுக் கோளாறு அடுத்தவர் வீட்டுக்குப் போகாது. சும்மா இருக்கும் வாசல்களில் 75 ஓம் மூடியைத் திருகிவிடுங்கள், விலை மிகக் குறைவு.

கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரை ஒழுங்காகப் போடுவதும் வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தண்ணீர் புகாமல் மூடுவதும் மேற்குப் பக்கத்து மழைக்கு ஈடுகொடுக்க மிக முக்கியம். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் துருப்பிடித்து இரண்டே வருடத்தில் கேபிள் வீண். கேபிள் தேயிலைக்குள் போகிறதென்றால் இன்னொரு ஆபத்து கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. கவ்வாத்துக் கத்தி வரும்போது செடிக்கடியில் கிடக்கும் கறுப்புக் கேபிள் யார் கண்ணிலும் படாது. எங்களுடையது ஒருமுறை இரண்டாகப் போனது. இப்போது கான் ஓரமாகத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டிருக்கிறோம், தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.

டிஷ்ஷுக்கு வருகிறேன். பள்ளத்தில் இருப்பவருக்கு டிஷ் ஒரு வரம்தான். செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன, நாம் அதற்கு வெறும் ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். அதனால் நம் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு நேரே நிற்கும் செய்மதி கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும். இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் வரும் 93.5 பாகை கிழக்குச் செய்மதி கூட இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு 70 பாகைக்கு மேல் நிற்கிறது. முகடு மறைப்பது, நிழல் விழுவது என்ற பேச்சே இல்லை. 60 மீட்டர் கேபிளும் வேண்டாம், முற்றத்திலேயே வைக்கலாம்.

ஆனால் பிரிப்பது அன்டனா போல் சுலபம் இல்லை. டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்பிக்கு எந்தப் பக்கத்து அலையைப் பிடிக்கவேண்டும் என்று டீவிக்குப் பக்கத்தில் வைக்கும் டிகோடர் பெட்டிதான் கட்டளை கொடுக்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தாக வரும் அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடையாக வரும் அலை. ஒரே எல்என்பியைச் சாதாரண ஸ்ப்ளிட்டரால் இரண்டு டிகோடருக்குப் பிரித்தால் ஒன்று 13 கேட்கும், மற்றது 18 கேட்கும், 18 கேட்டது ஜெயிக்கும், மற்ற அறையில் திடீரென்று படம் போய்விடும். "அவன் சேனல் மாத்தினா எனக்குப் போகுது" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இதுதான். தனித்தனிச் சேனல் வேண்டுமானால் இரண்டு வாசல் அல்லது நான்கு வாசல் கொண்ட எல்என்பியை மாட்டி, ஒவ்வொரு டிகோடருக்கும் டிஷ்ஷிலிருந்தே தனிக் கேபிள் இழுக்கவேண்டும். டீவிக்கு ஒரு டிகோடர், கட்டண டிஷ் என்றால் டிகோடருக்கு ஒரு மாதக் கட்டணம் வேறு. டிஷ் கேபிளில் ஓடும் அலைவரிசை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை, அன்டனா சிக்னலை விட மிக மேலே. அதனால் அதே ஆர்ஜி-6இல் இழப்பும் அதிகம், 30 மீட்டரிலேயே 10 டெசிபெல்லைத் தொடும். நீளம் கூடக்கூட 18 வோல்ட்டும் வழியில் தேயும், அப்போது எல்லாச் சேனலும் போகாது, கிடை அலையில் வரும் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். டிஷ்ஷை வீட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கட்டண டிஷ்ஷில் இன்னொன்று. இந்தியாவுக்கென விற்கப்படும் டிஷ்களும் நம் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவை இந்த நாட்டுச் சேவைகள் இல்லை, ஒருநாள் நின்றுவிட்டால் போய்க் கேட்பதற்கு ஓர் இடமும் இருக்காது. மூன்று அறைக்கும் அதை நம்பிக் கேபிள் இழுப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

ஹாலில் ஓடுவதே அம்மாவின் அறையிலும் தெரிந்தால் போதும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். ஒரே டிகோடர் போதும், அதிலிருந்து வரும் படத்தைப் பகிர்ந்தால் சரி. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வைத்து நீளமான எச்டிஎம்ஐ வயர் இழுக்கலாம். பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண வயர் நம்பமுடியாது, அப்போது நெட்வொர்க் கேபிளில் எச்டிஎம்ஐயை அனுப்பும் இரட்டைப் பெட்டிகள் வேண்டும். படம் அருமையாக இருக்கும், செலவு நடுத்தரம். இன்னொன்று பழைய வழி, எனக்குப் பிடித்த வழி: டிகோடரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வாசல்களை ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டியில் கொடுத்தால் அது டிகோடர் படத்தை ஒரு சாதாரணச் சேனலாக மாற்றித் தரும். யாரும் ஒளிபரப்பாத ஒரு யூஎச்எஃப் எண்ணில் வைத்து, அன்டனா கேபிளோடு சேர்த்து அதே ஸ்ப்ளிட்டருக்குள் விட்டால் மூன்று அறை டீவியிலும் அன்டனா சேனல்களுக்கு நடுவே டிஷ்ஷும் ஒரு சேனலாக வந்து நிற்கும். அறைகளுக்குப் புது வயர் இழுக்கத் தேவையில்லை. படம் எச்டி தெளிவில் இருக்காது, பெரிய டீவியில் அது தெரியும், அம்மாவின் 24 அங்குல டீவிக்குப் போதும். சேனல் மாற்ற ஹாலுக்கு வரவேண்டும் என்பது குறை. ரிமோட் ஒளியை வயரில் கடத்தும் கண்கள் கிடைக்கின்றன, நாங்கள் போடவில்லை, அம்மா கூப்பிட்டால் யாராவது எழுந்து மாற்றுகிறோம்.

இவ்வளவு வசதி இருந்தும் டிஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டு அன்டனாவைக் கழற்றிவிடலாம் என்று தம்பி சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் மழை. டிஷ் அலை மிக நுண்ணியது, பெருமழையின் துளிகள் அதை வழியிலேயே குடித்துவிடும். மூடுபனியால் போகிறது என்று நம்மில் பலபேர் நினைக்கிறார்கள், பனி ஒன்றும் செய்யாது, கனத்த மழைதான் செய்யும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை, பதுளை, ஊவாப் பக்கம் டிசம்பரை ஒட்டி, படம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நேரத்தில்தான் நமக்குச் செய்தி வேண்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறது என்று டீவியில் சொல்லும்போது பின்னறையில் நடக்க முடியாத ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தப் படம் உறைந்து நிற்கக்கூடாது. அன்டனா அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. நேத்ரா, வசந்தம், சக்தி என்று தமிழில் செய்தி சொல்லும் சேனல்களை உங்கள் பக்கம் அன்டனாவில் பிடிக்க முடிந்தால், மாதக் கட்டணமும் இல்லாமல், மழையிலும் நிற்காமல் வரும். ஆகவே எங்கள் வீட்டில் அன்டனாதான் அடிப்படை, டிஷ் அதன் மேல் ஒரு சேர்க்கை.

எதிர்காலத்தில் டிஜிட்டல் வந்தால் இந்தச் செலவு வீணா என்றும் கேட்டார்கள். எங்களுக்கு அன்டனாவில் வருவது இன்னும் அனலாக் படம். தரைவழி டிஜிட்டலுக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை இலங்கை 2014இல் தெரிவுசெய்தது. அதுவும் யூஎச்எஃப் அலையில்தான் வரும், அன்டனா, கேபிள், ஸ்ப்ளிட்டர் எல்லாம் அப்படியே உதவும், டீவிப் பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் கூடும்.

ஃபைபர் வந்திருக்கும் டவுன் பக்கத்தவர்களுக்கு பியோ டீவி போல் இணையக் கம்பியில் வரும் டீவி இன்னொரு நல்ல வழி. மலை, மழை இரண்டும் அதற்கு ஒரு தடையில்லை. டீவிக்கொரு பெட்டி வேண்டும், பெட்டிக்கு ரூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளே இழுத்துவிடுங்கள், வைஃபையை நம்பாதீர்கள். எங்கள் பள்ளத்துக்கு ஃபைபர் வரவில்லை. 4ஜியில் யூடியூப், செய்தி ஆப் என்று ஸ்மார்ட் டீவியில் பார்ப்பது தம்பிக்குப் போதும், ஆனால் எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் விடாமல் வரவேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை தின்னும். மூன்று டீவிக்கு அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயரே இல்லாமல் ஹால் படத்தை அறைக்கு அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகளையும் ஒரு நண்பரிடம் வாங்கிச் சோதித்தோம். லயத்துக் கல்சுவருக்கும் தகரத்துக்கும் அது நிற்காது, வைஃபையோடும் மோதும். அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக மின்னல், இதை யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் நாட்களில் முகட்டில் நிற்கும் பைப்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான இரும்பு. ஒரு டீவி இருந்த காலத்தில் ஒரு டீவிக்குத்தான் ஆபத்து. இப்போது ஸ்ப்ளிட்டர் வழியாக மூன்றுக்கும் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம், டிகோடருக்கும்தான். பைப்பைத் தடித்த செம்புக் கம்பியால் மண்ணில் இறக்கிய எர்த் கம்பியோடு இணைத்தோம், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் பின்னலை எர்த் செய்தோம். பைப்பை நடும்போதும் சாய்க்கும்போதும் மின்கம்பி எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது, மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டவேண்டும், ஆடிக்காற்று சும்மா விடாது. இவை எல்லாம் செய்தாலும் நேராக விழும் இடியை எதுவும் தடுக்காது, இடி கேட்பதற்கு முன்பே கழற்றுவது ஒன்றுதான் நிச்சயம்.

அதனால் மேலிருந்து வரும் கேபிள் நுழையும் இடத்தை ஹாலில் வைக்காமல் அம்மாவின் கட்டில் ஓரத்தில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தோம். பூஸ்டரின் அடாப்டரும் ஸ்ப்ளிட்டரும் அங்கேதான். இரண்டு பிளக்கையும் ஒரு எஃப் கனெக்டரையும் எந்த வரிசையில் கழற்றவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன், கனெக்டர் திருகாமல் இழுத்தாலே வரும் வகையாகப் போட்டிருக்கிறேன். மத்தியானம் நாங்கள் எல்லோரும் வேலையில் இருப்போம், வானம் கறுப்பதை ஜன்னல் வழியாக முதலில் பார்ப்பது அம்மாதான். போன ஏப்ரலில் ஒருநாள் நான் வேலையிலிருந்து ஃபோன் எடுத்துச் சொல்லப் போனேன். "கழட்டி அரை மணி நேரமாச்சு, நீ குடைய எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டார்.